ஈரமாய் நின்ற குழாய்

காற்றாலைகூட அசையாத மார்கழி விடியலில்
பல்லடத்து ஓடுதளத்தில் நொண்டியது எஞ்சின்.
கால் மணியில் தானே சீரானது.
"சூடேறினாச் செரியாயிருதுங்கக்கா, கெளம்பட்டா?"
பிரணேஷ் கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டான்.
"தானாப் போனது
திரும்பி வரவும் வழி தெரிஞ்சு வெச்சிருக்கும்" என்றேன்,
சாவியை வாங்கிக்கொண்டு.

மறுநாள் பனியோடு ஓட்டி, உடனே அணைத்து,
புகைக்குழாய் நான்கிலும் தண்ணீர் தெளித்தேன்.
மூன்று சுர்ரென்றன.
இரண்டாவது ஈரமாய்ச் சும்மா நின்றது.

ஆக, நீ.

பிளக் கழற்றிய துளையில்
குன்னத்தூர்ச் சந்தை ஆட்டுக்கயிறு, நைலான், நான்கு முழம்.
பிஸ்டனை ஏற்ற, கயிறு திரண்டு வால்வைத் தாங்க,
ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றினேன்.
கயிற்றை உருவி வால்வை உள்ளே தள்ளியதும்
தண்டுக்குழலில் தெரிந்தது
தீய்ந்த பால்சட்டி அடிபோல ஈயக்கரி.

சுரண்ட இருபது நிமிடம்.
உள்ளே விழுந்ததை மீட்க மதியமாகிவிட்டது;
காந்தத்துக்கு மசியாத உலோகம்.
வளைத்த கம்பி, டார்ச், ஒரு கெட்ட வார்த்தை,
கடைசியில் தலை நீட்டியது தண்டு.

வெள்ளிக்கிழமை விடியலில் முதல் சுற்றிலேயே
நான்கும் ஒரே குரல்.
பிரணேஷ் ஒன்றும் சொல்லாமல் ஏறினான்.

கயிற்றைத் துடைத்துப் பையில் வைத்தேன்.
ஆடுதான் இன்னும் வாங்கவில்லை.