மற்றக் கால்

சுகிர்தன் டிக்கியைத் திறந்துவைத்து நின்றான்.
போர்ட் அகஸ்டாவில் நாற்பத்து நாலு டிகிரி.
ஸ்பேர் டயர் கிடந்த பள்ளத்தில்
கம்ப்யூட்டர்.
பிம்பாவுக்குள்ளேயே மூன்றுதரம் மயங்கிவிட்டது என்றான்,
வார்டில் கிடக்கிற ஆளைச் சொல்வதுபோல.

இரண்டு விசிறி.
இரண்டும் உள்ளேதான் இழுத்தன.
"வந்த காற்று எதால போகும்?" என்றேன்.
திருகாணியைப் பல்லில் கவ்வியபடி
கொஞ்சநேரம் என்னையே பார்த்தான்.
ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பூட்டினான்.

இனித் தூசி.
கேளாமல் நுழைகிற செம்மண் மா.
வடி வேண்டும், மெல்லிசாய், நைலோனில்.

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துவந்தேன்:
வங்கி நேர்முகத்துக்குப் போட்ட நீளக் காலுறை.
ஒரே ஒரு நாள்.
அறிவிப்போம் என்றிருந்தார்கள்.
ஒரு காலை வெட்டி
விசிறி வாயில் இழுத்துக் கட்டினோம்.

கூபர் பீடி போய்த் திரும்பினான்.
ஒருதரமும் மயங்கவில்லையாம்.
கழற்றி உதறினேன்.
முழங்கால் வரும் இடத்தில்
வட்டமாய்ச் சிவப்பு,
விழுந்தெழும்பின பிள்ளைக்குப் போல.

மற்றக் கால்
அலுமாரியில்தான் இருக்கிறது.
பெப்ரவரியும் இப்படித்தான் கொதிக்குமாம்.