இருநூறு வெள்ளி

ஒன்பதாவது வீடு, செங்காங்கில்.
மின்தூக்கி ஏறும்போதே
தரகர் ஜெர்ரி டியோவின் கைப்பேசி அடித்தது.
எட்டு வீடுகளில் நான் கற்றுக்கொண்ட
ஒரே மாண்டரின் சொல் அதில் இருந்தது: யின்து.
பதினோராம் மாடியில் கதவு திறந்தது.
வெளியே போகவில்லை நாங்கள்.
"வீடு இப்பத்தான் போயிடுச்சாம்" என்று
எங்கள் செருப்புகளிடம் சொன்னார்.
"ஓகே, ஓகே" என்றான் தவசி.
ஆறு வருடத்தில் அவன் கற்ற சொல் அது.

ஆறு வருடம் துவாஸில், ஐவரோடு ஓர் அறையில்.
இப்போது சம்பளம் ஏதோ ஒரு கோட்டைத் தாண்டிவிட்டதாம்,
குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்கிறது அட்டை.
என் விடுப்பு முப்பது நாள். பதினெட்டு போயிற்று.
மதுரையில் மருந்துக்கடைச் சாவி
இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

ஷெங் சியோங் ரசீதின் முதுகில் கணக்கு எழுதுகிறேன்:
வாடகை, மின்சாரம், பிள்ளையின் பள்ளி,
என் சம்பளம் போவது, அம்மாவுக்கு அனுப்புவது.
கொத்தமல்லி ஒரு பிடி.
"அறுபத்தைந்தால் பெருக்காதே" என்கிறான்.
பெருக்காமல் எப்படி?
இந்தத் தலை அங்கே வளர்ந்தது.

நேற்று ரயிலில் நறுமுகை உட்கார்ந்ததும்
பக்கத்தில் ஒரு பெண் சட்டென்று எழுந்தாள்.
நெஞ்சில் ஏதோ கல்லாய் இறங்கியது.
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனாள்,
இறங்கத்தான் எழுந்திருக்கிறாள்.
நான் பார்த்த பார்வையும்
அவள் முதுகோடு போயிற்று.
திருப்பி வாங்க முடியவில்லை.

ஊரில் மட்டும் என்ன?
கே.புதூரில் வீடு தேடிய அந்தக் கோடையில்
மின்விசிறியைப் போட்டு, மோர் கொடுத்து,
நல்ல தமிழில் கேட்டார்கள்:
"வீட்ல என்ன சமைப்பீங்க? சொந்த ஊரு எது?
ஊருக்குள்ள எந்தத் தெரு?"
அவருக்கு எவர்சில்வர் தம்ளர்.
எங்களுக்குக் காகிதக் கப்.
வீடு அன்றும் இப்பத்தான் போயிருந்தது.

இங்கே அதே கேள்விக்கு
மஞ்சள் சுவரில் ஒட்டுமா என்று அர்த்தம்.
அங்கே அதற்கு அடியில் இன்னொரு கேள்வி,
அதற்கும் அடியில் ஒரு கிணறு.
"அந்தப் புதூர்க்காரர் மகன் வந்தாலும்
இங்கே இதே கதவுதான் சாத்தும்" என்று
சிரித்தான் தவசி.
நான் சிரிக்கவில்லை.
பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரித்தேன்.

பத்தாவது வீடு ஈசூனில், நான்காம் மாடி.
திருமதி கோ தானே கதவைத் திறந்தார்,
கையில் பாதி உரித்த பூண்டு.
"என்ன சமைப்பீங்க?"
"லைட் குக்கிங் மட்டும்" என்றான் தவசி,
ஒப்பித்து ஒப்பித்துத் தேய்ந்த குரலில்.
"லைட் இல்ல" என்றாள் நறுமுகை,
பள்ளி ஆங்கிலத்தில், சத்தமாக.
"அம்மா டிரை ஃபிஷ் பொரிப்பாங்க."

அந்த ஒரு நொடியில் வீடு இல்லாமலாகி,
விமானமேறி, மதுரையில் இறங்கி,
மருந்துக்கடையைத் திறந்துவிட்டேன்.
திருமதி கோ எங்களை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனார்.
சன்னலுக்கு மேலே சுவரில் கருப்பாய் ஒரு நாக்கு.
"நானும்தான். முப்பது வருஷம்.
சன்னலைத் திறந்துவைச்சாப் போதும்."

வாடகை மற்ற வீடுகளைவிட
இருநூறு வெள்ளி கூடுதல்.
குறைக்க மாட்டாராம். மகன் சொல்லியிருக்கிறானாம்.
பெருக்கினேன்: பதின்மூன்றாயிரம் ரூபாய்.
ஊரில் அது முழு வாடகை.
இங்கே, சன்னலைத் திறந்து கருவாடு பொரிப்பதற்கு.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
புளோக்கின் கீழே கல்மேசையில் உட்கார்ந்தோம்.
தவசி கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
ரசீதின் முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்:
சோப்பு, முட்டை, அரிசி ஐந்து கிலோ.
மேற்கே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
ஒரு வெளிச்சம்.
"அம்மா, அது வெள்ளியா, விமானமா?"
"நகருதான்னு பாரு" என்றேன்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்,
கண் சிமிட்டாமல்.
நாங்களும்.