பனிக்கட்டியில் வந்த குழாய்

இந்தக் குழாயை மட்டும்
பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவரச் சொல்வேன்.
உடலை விட்டு வந்த பிறகும்
சும்மா இருக்காது இரத்தம்;
சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைக் கசியவிட்டபடியே இருக்கும்.
ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால்
எண் ஏறிவிடும்,
பழி ஆள் மேல் விழும்.

ட்ரோம்சோவில் டிசம்பர்ப் பகல் என்பது
வெளிறிய நீலம், இரண்டு மணி நேரம்.
அந்த நீலத்தில்தான் வருவார் ஹால்வ்டன்,
இழுவைப் படகின் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர்,
நகக்கண்ணில் டீசல்.
முதல் அடைப்பு ஐம்பத்திரண்டு வயதில்.
கொழுப்பு சரி. அழுத்தம் சரி. புகைத்ததே இல்லை.
பத்தொன்பது, என்றது என் இயந்திரம்.

“என்ன சரக்கு அது?”

மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும் உண்டாவது, என்றேன்,
கந்தகம் சுமந்த சின்ன அமிலம்.
வந்த வழியே திரும்பவும் பாதை உண்டு,
வேறொன்றாகிக் கடந்து போகவும் உண்டு,
இரண்டிலும் வைட்டமின்தான் படகுக்காரன்.
அவன் வராத நாளில்
கரையில் கூட்டம் சேர்ந்துவிடும்.

“எங்கள் துறைமுகத்தைப் பார்த்திருக்கிறாய் போல,”
என்று சிரித்தார்.

நாளுக்கொரு மாத்திரை. மூன்று வருடம்.
மருந்தா வெறும் மாவா என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியக் கூடாது.
பத்தொன்பது பதினொன்றானபோது
எனக்குத் தெரிந்துவிட்டது.
சொல்லவில்லை.
பிறகு ஒன்பது.
யாரும் இல்லாத நேரத்தில்
அந்தத் தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.

மார்ச்சில் குட்லௌக் வந்தாள்.
மீதி மாத்திரைகளைத் திருப்பித் தர வேண்டும், அது விதி.
காபி டப்பாவில் போட்டு வந்திருந்தாள்.
இருவரும் எண்ணினோம்: பதினேழு.
கணக்குப்படி இருக்க வேண்டியதும் பதினேழு.
ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை அந்த மனிதர்.
எஞ்சின் அறையில், என்றாள்.
ஏணியின் மூன்றாம் படியில்.

எல்லோர் கணக்கையும் இப்போது கூட்டிவிட்டார்கள்.
எண் சொன்னபடி கேட்டது,
இதயம் கேட்கவில்லை.
மருந்து தின்றவர்களும் மாவு தின்றவர்களும்
ஏறக்குறைய ஒரே வரிசையில் போயிருக்கிறார்கள்.
அது ஏறிய உடம்பில்
இதயம் அதிகம் தடுமாறுகிறது, உண்மை.
இறக்கினால் தடுமாற்றம் நிற்கும் என்பது
நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.
தீ வைத்தவனா,
தீயைக் கண்டு ஓடிவந்து நின்றவனா,
தெரியாமலே மூன்று வருடம்
அவன் சட்டையைப் பிடித்திருக்கிறோம்.

கடிதம் அவளுக்கும் போயிருக்கும்.
போன வாரம் வந்தாள்.
முடிவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
அந்த டப்பா இருக்கிறதா, என்றாள்,
மூடி நன்றாக இறுகும், அதனால்தான்.

இருந்தது.
என் பேனாக்களை வெளியே எடுத்துவிட்டுக்
கழுவிக் கொடுத்தேன்.