பத்தொன்பது தபால்தலைகள்

வால்டிவியாவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
எனக்கும் இல்லை. ஒன்பது வருடமாக
மாதம் ஒரு கடிதம்,
ஆற்றைப் பற்றி, ஆறு இழுத்துப் போனவை பற்றி.
அச்சடித்து மடித்து நாக்கால் நனைத்து ஒட்டி
சந்தா கட்டியவர்களுக்கு அனுப்புவேன்.

ஜூனில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஜூலையில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
மேல் எண் போதாவிட்டால்
பக்கத்தில் கடன் வாங்கிக் கழி என்று
மூன்றாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.
பக்கத்து வீட்டில் யாரும் எதுவும் படிப்பதில்லை.

ஓசோர்னோ பல் வைத்தியர் நாகரிகமானவர்:
'கண் மங்கிவிட்டது, சென்யோரா.'
(போன வாரம் அவரே கார் ஓட்டிப் போனதைப் பார்த்தேன்.)
ஒர்லாந்தினா கர்காமோ எழுதியிருந்தாள்:
'உங்கள் கடிதத்தில் மழை அதிகம்.
எனக்கு என் ஜன்னலே போதும்.'
மற்ற பதினேழு பேர் ஒன்றும் சொல்லவில்லை.
மௌனத்துக்குத் தபால்தலை தேவையில்லை.

பென்சிலோடு உட்கார்ந்து
பழைய கடிதங்களைத் துருவினேன்,
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.
மார்ச், இரண்டாம் பக்கம்:
கறுப்புக் கழுத்து அன்னம் ஒன்று
விடியலில் என்னைத் திரும்பிப் பார்த்ததாம்.
அன்று காலை பத்து மணி வரை
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
பால் எது தண்ணீர் எது என்று
யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை மீன் சந்தை.
கடைகளுக்குப் பின்னால் கடற்சிங்கங்கள்
வெட்டி எறியும் தலைக்கும் குடலுக்கும்
தள்ளுமுள்ளு. அவற்றில் ஒன்று
தின்றது போதுமென்று
முதுகைக் காட்டித் தண்ணீரில் இறங்கியது.
மீன்காரர் அதற்காக முகம் சுளிக்கவில்லை.
அடுத்த மீனை எடுத்தார்.

ஒர்லாந்தினா அங்கே நின்றிருந்தாள்.
சிப்பி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன்.
ஐம்பத்தெட்டு வயதில் ஒளிவது சுலபமில்லை,
முழங்கால் ஒத்துழைக்காது.
'ஹோர்தென்ஸியா!' என்றாள், 'அந்த நாய் என்ன ஆயிற்று?
மே மாதம் பாலத்தடியில் விட்டுவிட்டீர்களே!'

சொல்லியிருக்கலாம். நாவு நுனி வரை வந்தது.
'ஆகஸ்ட் கடிதத்தில்' என்றேன்.
சிரித்தாள். இரண்டு கிலோ சியெர்ரா வாங்கினாள்.
சந்தா கட்டவில்லை.

இரவு கூரைக் குழாய் மறுபடி ஒழுகியது.
நகராட்சிக்குப் புகார் எழுதி
மிச்சமிருந்த பத்தொன்பதில் ஒன்றை ஒட்டினேன்.
பதினெட்டு.
பிறகு புதிய தாள். முதல் வரி:
'மார்ச்சில் அந்த அன்னத்தை நான் பார்க்கவில்லை.'

இரண்டாம் வரிக்கு நாய் வந்து காத்திருக்கிறது,
நனைந்து,
உதறிக்கொண்டு,
என் மேசையெல்லாம் தெறிக்க.