ஒன்பது பேரும் ஒரு கைப்பிடியும்

திருத்துறைப்பூண்டி நீதிமன்றத்தில் நான் தட்டச்சர்.
வழக்கு இதுதான்:
முறை வைத்துத் தண்ணீர் விட்ட மாதத்தில்
எங்கள் முறை நாளில், இரவு ஒன்றரைக்கு
கிளை வாய்க்கால் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள்
கடைமடை ஆட்கள் ஒன்பது பேர்.

'எங்கள்' என்றா அடித்தேன்?
'மேல்மடையாரின்' என்று வாசிக்கவும்.

அரசு வக்கீல் மெஹருன்னிசா சொன்னார்:
ஒருவன் மனசில் கிடந்தால் அது எண்ணம்.
இன்னொருவன் தலையசைத்தால் சதி.
பேச்சு வேண்டாம், கையெழுத்து வேண்டாம்.

இராசரெத்தினம் எழுந்தார், கோட்டின் அக்குளில் உப்புக்கோடு.
ஐயா, சூழ்தல் என்றால் பழந்தமிழில்
கூடி ஆலோசிப்பது. அமைச்சர்கள் செய்த வேலை.
"இங்கே யார் அமைச்சர்?" என்றார் நீதிபதி.
சிரித்தது ஏ-1 வைரக்கண்ணு மட்டும்.
பிறகு அவரே கூண்டில் ஏறிச் சொன்னார்:

"மறைச்சுச் செஞ்சாத்தானுங்க சதி.
நாங்க டிராக்டர் லைட்டப் போட்டுக்கிட்டுல்ல போனோம்.
பதினோரு வருசமா தூர் வாருனதா பில்லு போட்டிருக்கான்.
வாய்க்கால்ல காட்டாமணக்கு ஆள் ஒசரம்.
அவனுக யாரும் யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசல.
அதுக்கு என்ன பேருங்க?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்கள்.
நான் அடித்துவிட்டேன். அழித்தேன்.

ஏ-6 அமிர்தவல்லிக்கு அந்தச் சொல்லே ஆகவில்லை.
"நடவுக்கு ஒம்பது பேரு எறங்குனா செட்டுங்கிறீங்க.
மதகுக்குப் போனா சதியா?"

அன்றைக்குத்தான் என் விரல் வழுக்கியது.
சூழ்ச்சி வர வேண்டிய இடத்தில் சூல்ச்சி.
சூல்கட்டிய பயிர் பதினெட்டு நாள் காய்ந்த கதை
அதற்கு முந்தின பக்கம்.
அதிலிருந்து ஒட்டிக்கொண்ட எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.
நீதிபதி சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

வீட்டில் வேறு அகராதி.
எட்டு மா மேல்மடை நிலத்துக்காரர்,
ரசத்துக்குக் குழி பறித்தபடி கேட்கிறார்:
"சதி இல்லாம, பின்ன சாமியா வந்து தெறந்துச்சு?"
அவர் பயிரும் அந்த வாரம் பழுத்ததுதான்.
அதை நான் மறுக்கவில்லை.
இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

இன்று லஸ்கர் கோடியப்பனின் சாட்சியம்.
ஷட்டர் கைப்பிடி திருடுபோனது என்கிறார்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் பாலம் ஏறும்போது பார்த்தேன்.
அதைச் சாக்கில் சுற்றி
அமிர்தவல்லியின் புல்லுக்கட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார்.
அவரும் என்னைப் பார்த்தார்.

இப்போதும் பார்க்கிறார்.
'திருடு' வரை அடித்திருக்கிறேன்.
"போனதுங்க" என்கிறார் மறுபடியும்,
நீதிபதி கேட்காமலே.

கழுத்துவலிக்காரி நான்,
உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது,
அடிக்கடி தலையை அசைப்பேன்.
இங்கே எல்லோருக்கும் தெரியும்.

'போனது.'
முற்றுப்புள்ளி.