மூன்றாவது பூட்டு

நேற்று மாலை ஆறு மணிக்கே
எண்ணெய்க்கு அடியில் சூடு போட்டாயிற்று.
குளிர்ந்தால் அமோனியாவுக்கு ஒரு பழக்கம்,
எண்ணெய்க்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும்.
அதை எழுப்பாமல் கம்பிரசரைச் சுழற்றினால்
எல்லாம் நுரையாகி, தாங்கிகள் வறண்டு கத்தும்.
நானுஓயாவின் ஜனவரி இரவில்
எட்டு மணிநேரம் வேண்டும் அது விழிக்க.

கண்ணாடி வட்டத்தில் எண்ணெய் பாதி. சரி.
தண்ணீர் ஓடுகிறதா என்று குழாய் முனையில் கை வைத்தேன்,
விரல் விறைத்தது. சரி.
கந்தகத் திரியைப் பற்றவைத்து
இன்று இறுக்கிய இணைப்புகளுக்கெல்லாம்
சூடம் காட்டுவதுபோல் காட்டினேன்.
அடர்ந்த வெண்புகை எங்கும் எழவில்லை.
நெடி மட்டும் தொண்டையில் நின்றது.

பெரிய சக்கரத்தைக் கம்பி போட்டு நெம்பி
இரண்டு முழுச் சுற்று.
பிஸ்டன்கள் ஏறி இறங்குவது தோளில் தெரிந்தது,
ஏதும் இடிக்கவில்லை.
வெளியேற்றும் வால்வு திறந்தாயிற்று.
உறிஞ்சும் வால்வு மூடியபடி, பிறகு மெல்லத் திறக்க.
முகமூடிகள் கதவுக்கு வெளியே, ஆணியில்.

அப்புறம் சுவிட்சுப் பெட்டி.
மூன்று பூட்டு.
சிவப்பு என்னுடையது, கழற்றினேன்.
மஞ்சள் குலதுங்கவுடையது, அவர் கழற்றினார்.
நீலம் அருளப்பனுடையது.

அருளப்பன் இல்லை.
கைப்பேசி அணைந்திருந்தது.
உடுப்பு மாற்றும் அறையில்
அவன் குடை தொங்கியது.

அந்தக் குடையை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வெளியே மழை.

வாசலில் பவுசர், ராகலையிலிருந்து வந்த பால்.
இர்ஷாத் இருமுறை ஹோர்ன் அடித்துவிட்டு
பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினான்.
முகாமையாளர் கம்பளிக்குள்ளிருந்து பேசினார்:
"தவமலர், பூட்டு மறதியில விட்டிருப்பான்,
கட்டர் இருக்குதானே?"

இருக்கிறது.
வெட்டுவதற்குப் படிவமும் இருக்கிறது, சேர்.
அதில் முதல் கேள்வி: ஆள் எங்கே?

டோச் அடித்துத் தேடினேன்.
கொள்கலத்தின் பின்னால்,
கண்டென்சர் மேடையில்,
ஒரு மனிதன் நுழையவே முடியாத குழாய்ச் சந்தில்கூட.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
இயந்திரம் நிற்கும் அறையில்
ஒரு பெயர் இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று
எனக்குத் தெரியாது.

காவலாளி திசாநாயக்க மேல்கணக்கு லயத்துக்கு ஏறினார்.
நாற்பது நிமிடம் போக.
நைட் மெயில் வந்து நின்று, பதுளைப் பக்கம் போனது.
குலதுங்க தேத்தண்ணி ஊற்றினார், நாங்கள் பேசவில்லை.
சூடாக்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நாலு மணிக்கு வந்தான்,
தலையில் உரச்சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம்,
சட்டைப்பையில் சாவி.
"மழை விட்டிருந்துச்சு, குடைய மறந்திட்டேன்.
பூட்டையும்."

அவனைத் திட்ட வைத்திருந்தேன், நல்ல சொற்களாய்.
ஒன்றும் வரவில்லை.
பூட்டு 'டக்' என்றது, அவ்வளவுதான்.

மூவரையும் எண்ணினேன், இர்ஷாத்தையும் சேர்த்து நால்வர்.
எல்லாரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே.
சுமையில்லாமல் தொடங்கினேன்.
எண்ணெய் அழுத்த முள் ஒரு கணம் யோசித்து ஏறியது.
உறிஞ்சும் வால்வைக் கால் சுற்று,
காது வைத்துக் கேட்டு, இன்னும் கால் சுற்று.
குழாயின் கழுத்தில் மெல்லப் பனி பூத்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
தொடக்கம் 4.10. தாமதம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.
காரணம் என்ற கட்டம் சிறியது.
'பூட்டு' என்று எழுதி
அடித்துவிட்டு
'அருளப்பன் வீட்டில் இருந்தார்' என்று எழுதினேன்.