சுழியத்தில் உப்பு

தடைக்காலத்தின் பதினொன்றாம் நாள்.
மண்டபம் கரையில் விசைப்படகுகள்
விலா உரசிக் கிடக்கின்றன.
படகு போகாவிட்டால் ஐஸ் கம்பெனிக்கு வேலையில்லை,
ஐஸ் கம்பெனி ஓடாவிட்டால்
எனக்குச் சுழியம் இல்லை.

வெப்பம் அளக்கும் கம்பியின் ஒரு முனை
எப்போதும் உருகும் பனிக்கட்டிக்குள் நிற்க வேண்டும்.
அங்கே பூச்சியம். அங்கிருந்துதான்
மற்ற எல்லா எண்ணும் கிளம்பும்.
புது மாதிரி மீட்டருக்கு இது தேவையில்லை.
புது மாதிரி மீட்டருக்குப் பணம் வரவில்லை.

ஹபீப் நைனா எங்கிருந்தோ கொண்டுவருகிறான்,
நான்கு நாளாகத் தினம் ஒரு சாக்கு,
உமி ஒட்டி, இறால் வாடையோடு.
எங்கே கிடைத்தது என்றால்
"கேக்காதீங்க மேடம்."

கொட்டகை நடுவில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு
ஒளி புகும் குழாய். உள்ளே
வேட்டித்துணியில் வடிகட்டிய கடல்.
அடித்தட்டில் நூற்றிருபது ஊசித்துளை.
கம்ப்ரசர் உறுமியதும்
நூற்றிருபது சரங்கள் அவிழ்ந்து ஏறும்.

நல்ல தண்ணீரில் குமிழ்கள்
ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருத்துப் போகும்.
உப்புத் தண்ணீரில் அப்படிச் சேர்வதில்லை.
உச்சிப்புளி பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி
இடித்துக்கொண்டு, ஒட்டாமல்,
சின்னதாகவே மேலே வரும்.
குழாய் முழுக்கப் பால் வெள்ளை.

அந்த வெள்ளைக்குள்
விரல் பருமனில் ஒரு பித்தளைக் கோல்.
உள்ளிருந்து அறுபது வாட் சூடு.
கோலின் தோல் எவ்வளவு, நீர் எவ்வளவு,
கழி.
கிடைப்பது சிறுத்தால் சூடு நன்றாகக் கைமாறுகிறது.
பெருத்தால், கோல் தன் சூட்டைத்
தானே வைத்துக்கொண்டு நிற்கிறது.

குழாயின் நடுவில் ஐந்து டிகிரி.
சுவரோரம், நீர் சோம்பி இறங்கும் இடத்தில்
ஏழரை.
ஏழரை என்றதும் நைனா சிரித்துவிட்டான்.
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்று மதியம்தான் சந்தேகம்.
சும்மா கிடந்த பாதரச வெப்பமானியை
நீரில் தொங்கவிட்டேன். முப்பத்தொன்று.
என் கம்பி முப்பத்து நான்கு என்கிறது.
மீட்டரைத் தட்டினேன். முறுக்கைப் பிரித்து முறுக்கினேன்.
முப்பத்து நான்கு.
கடைசியில் குடுவையைத் திறந்து
ஒரு சில்லை நாக்கில் வைத்தேன்.

கல்லுப்பு.

இறால் பெட்டிக்காக உப்புத் தூவிய கட்டி.
உப்பிட்ட பனி பூச்சியத்தில் நிற்காது,
இன்னும் கீழே போய் உட்காரும்.
நான்கு நாளும் நான் எண்ணத் தொடங்கியது
தரைக்கு மூன்று படி கீழிருந்து.
நைனா சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் நோட்டைக் கிழிக்கப் போனேன்.

கை நின்றது.
கோலின் கம்பியும் நீரின் கம்பியும்
ஒரே குடுவையில்தானே கால் நனைத்தன?
இரண்டும் ஒரே மூன்று டிகிரி கூட்டிச் சொல்லின.
கழித்தபோது
பொய் பொய்யோடு போய்விட்டது.
ஐந்து ஐந்தாகவே இருக்கிறது.
ஏழரை ஏழரையாகவே.

நைனாவிடம் சொல்ல வாய் திறந்தேன்,
கரண்ட் போனது.
கம்ப்ரசர் இருமி அடங்கியது.
கடைசிக் குமிழ்கள் அவசரமில்லாமல் ஏறி முடிய
வெள்ளை விலகியது. குழாய்க்கு அந்தப் பக்கம்
நைனாவின் முகம் அகன்று, காது இரண்டும் நீண்டு,
அதற்குப் பின்னால் ஒரு படகின் பச்சை.

ஹீட்டர் மட்டும் பேட்டரியில்.
கலக்க யாருமில்லாத நீரில்
வித்தியாசம் ஏறுகிறது: ஒன்பது. பதினாறு.
இருபத்து நான்கில் தயங்கி நின்றது.
"அணைச்சிரவா மேடம்?"
இரு, இதையும் எழுதிக்கொள்கிறேன்.
காற்று: இல்லை. வித்தியாசம்: இருபத்து நான்கு.
இப்போது அணை.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
ஒப்பீட்டு முனையின் வெப்பநிலை.
எல்லோரும் பூச்சியம் என்று நிரப்புவார்கள்.
நான் எழுதினேன்:
சுழியத்துக்குக் கீழே மூன்று.
சற்று யோசித்து, பக்கத்தில்,
இறால் வாடை.